கிளப்புக்குக் கிளம்பும் முன்பே ரூமில் குடித்துவிட்டுப் போவது ஏன்? ரூம்மேட்டை நினைத்தால் பயமாக இருக்கிறது

இரண்டாமாண்டு_மாணவன்:

வணக்கம். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. குடிப்பவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்கிறேன்.

என் ரூம்மேட்டும் அவன் கூட்டாளிகளும் வார இறுதியில் வெளியே போவதற்கு முன்னால் எங்கள் ரூமில்தான் கூடுவார்கள். எட்டு மணிக்குப் பாட்டு ஆரம்பமாகும், சீட்டுக்கட்டை எடுப்பார்கள், தோற்றவன் கிளாஸில் இருப்பதை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். பத்து மணிக்குக் கிளம்பும்போது பாதிப் பேருக்கு ஷூ லேஸ் கட்ட வராது. சரி, இவ்வளவு குடித்தாயிற்றே, அங்கே போய் ஆடிவிட்டு வருவார்கள் என்று பார்த்தால் அங்கேயும் குடிக்கிறார்கள். குடிக்கத்தானே போகிறார்கள், அப்புறம் போவதற்கு முன்பே ஏன்?

போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இரவு ஒன்றரை மணிக்கு இரண்டு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் மல்லாக்கப் போட்டுவிட்டு, "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். வாயோரத்தில் வாந்தி காய்ந்து ஒட்டியிருந்தது, கை சில்லென்று இருந்தது, தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு குறட்டை. கூப்பிட்டால் முனகினான், கண்ணைத் திறக்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டால் ஹாஸ்டலில் தெரிந்து அவனுக்குப் பிரச்சினையாகிவிடுமோ என்று பயம். விடியும்வரை தூங்கவில்லை.

காலையில் எழுந்து, எப்படி வந்து சேர்ந்தேன் என்று கேட்டான். அது கூடப் பரவாயில்லை. முந்தின இரவு கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் அவன் அம்மா போன் செய்திருந்தார். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு பத்து நிமிடம் பேசினான், "சாப்பிட்டேம்மா, நாளைக்குக் கூப்பிடுகிறேன்" என்று தெளிவாகத்தான் பேசினான், என் காதால் கேட்டேன். அந்த போன் வந்ததே அவனுக்கு ஞாபகம் இல்லை.

ஏன் இப்படிச் செய்கிறார்கள், நான் அன்றைக்கு என்ன செய்திருக்க வேண்டும், இனி அவனிடம் எப்படிப் பேசுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

படித்து_முடித்தவன்:

தம்பி, நானும் மூன்று வருடம் அந்த ரூமில் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்தவன்தான், அதனால் ஏன் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

யாரைக் கேட்டாலும் முதலில் காசு என்பார்கள். அது பொய்யில்லை. பாரில் ஒரு கிளாஸுக்குக் கொடுக்கும் பணத்துக்குக் கடையில் பாதி பாட்டில் வாங்கிவிடலாம், மாணவன் கையில் எவ்வளவுதான் இருக்கும்? ரூமிலேயே ஏற்றிக்கொண்டு போனால் அங்கே ஒன்றோ இரண்டோ போதும் என்று ஒரு கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு எனக்கு ஒரு நாளும் சரியாக வந்ததில்லை. போதையில் இருப்பவன் கையில் பணம் நிற்குமா? காலையில் பர்ஸைத் திறந்து பார்த்தால் குடிக்காமல் போயிருந்தால் செலவாகியிருப்பதைவிட அதிகம் போயிருக்கும்.

இது என் ஒருவன் அனுபவம் மட்டுமல்ல. ஸ்விட்சர்லாந்தில் இளைஞர்களிடம் வார இறுதி இரவுகளில் மொபைல் வழியாகவே, எங்கே இருக்கிறாய், எத்தனை குடித்தாய் என்று மணிக்கு மணி கேட்டுப் பதிவு செய்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நேராக பாருக்குப் போய்க் குடித்த இரவுகளில் சராசரியாக 4 டிரிங்க், முன்கூட்டியே குடித்துவிட்டுப் போன இரவுகளில் 7. அதாவது வெளியே குடிப்பதற்குப் பதிலாக யாரும் ரூமில் குடிப்பதில்லை, ரூமில் குடித்ததற்கு மேல் வெளியேயும் குடிக்கிறார்கள்.

காசைத் தாண்டி இன்னொன்று இருக்கிறது, அதை யாரும் எளிதில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கிளப்பில் பேச முடியாது, காது கிழியும். அந்த ரூமில்தான் நிஜமாகவே எல்லாரும் பேசிச் சிரித்துப் பழகும் நேரம். முதல் ஆண்டில் யாரையும் தெரியாமல் வந்து சேர்ந்தவனுக்கு "எட்டு மணிக்கு எங்கள் ரூமுக்கு வா" என்று ஒரு அழைப்பு வந்தால் அது எவ்வளவு பெரிய விஷயம்! எனக்கு அந்த அழைப்பு வந்த இரவு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கிளாஸ் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். அதனால் உன் ரூம்மேட்டிடம் "ஏன் குடிக்கிறாய்" என்று ஆரம்பித்தால், தன் நண்பர்களைப் பிரிக்கப் பார்க்கிறாய் என்றுதான் அவன் காதில் விழும். அதை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்.

அப்புறம் இது ஒரு நாட்டுப் பழக்கம் இல்லை. ஆங்கிலத்தில் பிரீகேமிங், பிரீலோடிங் என்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் ஃபோர்க்ளூயன் என்கிறார்கள், டீசல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் சூடேற்றுவதற்கு உள்ள அதே சொல். பிரேசிலிலும் சூடேற்றுவது என்ற பொருளில்தான் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.

---

இரவுப்பணி_செவிலி:

தம்பி, அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருடமாக இரவுப் பணி பார்க்கிறேன். விடியும்வரை நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயே, அது நல்ல காரியம். ஆனால் அன்றைக்கு நீ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும். உன்மேல் குற்றம் சொல்வதற்காக இல்லை, அடுத்த முறை தயங்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

"தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்ற அந்த வாக்கியம்தான் ஆளைக் கொல்கிறது. குடித்தது வயிற்றில் விழுந்த உடனே ரத்தத்துக்குப் போய்விடுவதில்லை. பெரும்பகுதி சிறுகுடலுக்கு இறங்கிய பிறகுதான் உறிஞ்சப்படுகிறது. கடைசி கிளாஸைக் கீழே வைத்த பிறகும் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகலாம். உன் ரூமிலிருந்து பத்து மணிக்குத் தள்ளாடிக்கொண்டு போனார்களே, அது உச்சம் இல்லை. உச்சம் கிளப் வாசலில் வரிசையில் நிற்கும்போதோ உள்ளே போன பிறகோதான் வருகிறது, சரியாக அந்த நேரத்தில் இன்னொரு கிளாஸைக் கையில் எடுக்கிறார்கள். ஒன்றரை மணிக்குக் கட்டிலில் போட்ட ஆளுக்கும் அப்படித்தான். தூங்குகிறான் என்று நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இன்னும் ஏறிக்கொண்டிருந்திருக்கலாம்.

ஏறும் வேகம் இது. இறங்கும் வேகம் இதற்கு நேர்மாறு. கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ ஒரு டிரிங்க் அளவைத்தான் உடைக்கும், அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது. ஒரு டிரிங்க் என்று எந்த அளவைச் சொல்கிறார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்காவில் 14 கிராம் சுத்த ஆல்கஹால், ஆஸ்திரேலியாவில் 10, பிரிட்டனில் ஒரு யூனிட் என்பது 8. 14 கிராம் என்றால் 40 சதவீத விஸ்கியோ வோட்காவோ 45 மில்லி, அவ்வளவுதான். ரூமில் யார் 45 மில்லி அளந்து ஊற்றுகிறார்கள்? டம்ளரில் பாட்டிலைச் சாய்த்து, மேலே குளிர்பானத்தை ஊற்றி, "இது ஒன்று" என்று எண்ணுகிறார்கள். அந்த ஒன்று பல நேரம் இரண்டு, சில நேரம் மூன்று. இரவு எட்டு மணிக்குத் தொடங்கி நள்ளிரவுக்குள் பத்து டிரிங்க் உள்ளே போயிருந்தால், அது முழுக்க வெளியேற விடிகாலை ஆறு மணியாகிவிடும், பலருக்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும். காபி, எலுமிச்சைச் சாறு, தலையில் பச்சைத் தண்ணீர் எதுவும் இதைக் குறைக்காது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போனால் ஆபத்து.

இனி என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளை உலுக்கி, கிள்ளியும் கண்ணைத் திறக்கவில்லையா? நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்கும் குறைவாக இருக்கிறதா, அல்லது இரண்டு மூச்சுக்கு நடுவில் பத்து வினாடிக்கு மேல் இடைவெளி விழுகிறதா? உடம்பு சில்லிட்டு, உதடோ நகமோ நீலம் பாரித்திருக்கிறதா? நினைவில்லாமல் வாந்தி எடுக்கிறானா, வலிப்பு வருகிறதா? இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும், ஆம்புலன்ஸ்தான். எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்காதே.

அவர்கள் வரும்வரை மல்லாக்க விடாதே. ஒருக்களித்துப் படுக்க வை. மேல்பக்கக் காலின் முழங்காலை மடக்கி முன்னால் ஊன்றினால் உருண்டு திரும்ப மாட்டான். மேல்பக்கக் கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, முகத்தைச் சற்றே தரைப்பக்கம் சாய்த்து, தாடையை லேசாக உயர்த்தி விடு. வாந்தி வந்தாலும் வெளியே வழிந்துவிடும். நம் தொண்டையில் ஏதாவது போனால் உடனே இருமி வெளியே தள்ளுவோமே, அதிகமாகக் குடித்தவனுக்கு அந்த அனிச்சைச் செயல் மந்தமாகிவிடும். நீ கேட்டாயே கரகரவென்று ஒரு குறட்டை, நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையைப் பாதி அடைத்தாலும் அந்தச் சத்தம்தான் வரும். ஒரு போர்வையும் போர்த்திவிடு. குடித்தால் தோலில் ரத்த ஓட்டம் அதிகமாகி உடம்புச் சூடு வெளியே போய்விடும், அவனுக்கு மட்டும் சூடாக இருப்பதுபோல் தோன்றும்.

அம்மாவிடம் பேசியது மறந்துபோனதைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது மயக்கம் இல்லை. பிளாக் அவுட் என்பார்கள். ஆள் நடப்பான், பேசுவான், போனுக்குப் பதில் சொல்வான், ஆனால் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி அதை நினைவாகப் பதிந்து வைப்பது நின்றுபோயிருக்கும். பதியாததை எவ்வளவு யோசித்தாலும் திரும்ப எடுக்க முடியாது. எவ்வளவு குடித்தான் என்பதைவிட எவ்வளவு வேகமாக ரத்தத்தில் ஏறியது என்பதுதான் இதில் பெரிய காரணம். வெறும் வயிறு, ஒரே மூச்சில் குடிக்கும் விளையாட்டு, எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் எல்லாவற்றையும் முடிக்கும் அவசரம், மூன்றும் உன் ரூமில் இருந்திருக்கின்றன. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் 772 மாணவர்களிடம் கேட்டு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், குடித்த அனுபவம் உள்ளவர்களில் 51 சதவீதம் பேர் ஒரு முறையாவது இப்படி நினைவிழந்ததாகச் சொன்னார்கள். பிறகு விசாரித்துப் பார்த்தால், அந்த நேரத்தில் சண்டை போட்டது, வண்டி ஓட்டியது, உடலுறவு கொண்டது வரை தெரியவந்திருக்கிறது.

---

கூச்ச_சுபாவம்:

காசு, நட்பு இரண்டையும் மேலே சொல்லிவிட்டார்கள். என் காரணம் வேறு.

எனக்குக் கூட்டம் என்றாலே கை வியர்க்கும். தெரியாத முகங்கள் நிறைந்த இடத்துக்குள் நுழைவதற்கு முன்னால் இரண்டு கிளாஸ் உள்ளே போனால்தான் கதவைத் தள்ளவே தைரியம் வரும். அதற்குத்தான் குடித்தேன். ருசிக்காக ஒரு நாளும் இல்லை. ஆறு மாதத்தில் இரண்டு நான்காகிவிட்டது, அதைவிட மோசம் என்னவென்றால், குடிக்காமல் ஒரு இடத்துக்குப் போனால் எப்படி இருப்பேன் என்பதையே மறந்துவிட்டேன். கூச்சம் குறையவில்லை, கூடியிருந்தது.

எல்லாரும் என்னைவிட அதிகமாகக் குடிக்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மாணவர்கள் மற்ற மாணவர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பதை உள்ளதைவிடக் கூடுதலாகவே மதிப்பிடுகிறார்கள் என்று 1980-களிலிருந்தே ஆய்வுகள் சொல்லிவருகின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. சத்தம் போட்டுக் குடிக்கும் நான்கு பேர்தான் கண்ணில் படுகிறார்கள். மூலையில் வெறும் குளிர்பானத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

பெண்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தால் பெண்ணின் ரத்தத்தில் அளவு அதிகமாக இருக்கும், உடம்பில் நீரின் பங்கு குறைவு என்பதால். விளையாட்டில் இது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை, எல்லாருக்கும் ஒரே கிளாஸ்தான்.

நான் நிறுத்தியதற்கு ஒரு இரவு காரணம். நான்கு பேராகத்தான் கிளம்பினோம். பாத்ரூமுக்குப் போய்விட்டு வெளியே வந்தபோது அந்த மூன்று பேரும் இல்லை, அவர்களுக்கும் என்னைத் தேடும் நிலை இல்லை. என் போனில் சார்ஜ் இல்லை. யாரென்று தெரியாத ஒருவர் "நான் கொண்டுபோய் விடுகிறேன்" என்று என் முழங்கையைப் பிடித்தார். அந்தப் பிடி ஞாபகம் இருக்கிறது, அவர் முகம் ஞாபகம் இல்லை. வாசலில் நின்ற பெண் காவலாளி ஒருவர், "இவரை உனக்குத் தெரியுமா?" என்று நேராக என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். தெரியாது என்றேன். என்னைத் தன் பக்கம் இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தார். அவர் கேட்காமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. யாராவது அப்படிச் செய்தால் குற்றம் முழுக்க அவனுடையதுதான், குடித்தவள்மேல் ஒரு துளியும் இல்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் சேர்ந்து போகிறோம், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம் என்ற பேச்செல்லாம் ரூமிலிருந்து கிளம்பும்போதே போதையில் கரைந்துவிட்டது, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

---

வார_இறுதி:

கொஞ்சம் பெரிதுபடுத்துகிறீர்களோ என்று தோன்றுகிறது. நாங்களும் கிளம்பும் முன் குடிப்போம். இரண்டு பீர், சாப்பாடு, அப்புறம் போவோம். யாரும் மட்டையானதில்லை. வண்டியும் நான்தான் ஓட்டுகிறேன், ஒரு மணி வாக்கில் எனக்கு நன்றாகத் தெளிந்துவிடும். எல்லாரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

---

இரவுப்பணி_செவிலி:

சாப்பிட்டுவிட்டு இரண்டு பீர் குடிப்பதும், வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் ஏழு கிளாஸ் இறக்குவதும் ஒன்றில்லை, ஒத்துக்கொள்கிறேன். சாப்பாடு இருந்தால் குடலுக்கு இறங்குவது மெதுவாகும்.

ஆனால் நன்றாகத் தெளிந்துவிடும் என்றீர்களே, அங்கே நிற்க வேண்டும். ரத்தத்தில் அளவு ஏறும்போது எவ்வளவு போதையாகத் தெரிகிறதோ, அதே அளவு இறங்கும் வழியில் வரும்போது அவ்வளவு போதையாகத் தெரியாது. எட்வர்ட் மெலன்பி என்பவர் 1919-லேயே இதைக் கவனித்துச் சொன்னார், இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். தெளிந்ததுபோல் தோன்றுவது மூளை அதற்குப் பழகிக்கொண்டதால், ரத்தத்தில் குறைந்துவிட்டதால் இல்லை. போன இடத்திலும் ஒன்றிரண்டு குடித்திருப்பீர்கள் அல்லவா, அதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். தயவுசெய்து சாவியை வேறு யாரிடமாவது கொடுங்கள், குடித்த இரவில் ஓட்டவே ஓட்டாதீர்கள். ஒரு மணிக்கு நன்றாகத் தெளிந்தவர்கள் எங்களிடம் நிறைய வருகிறார்கள். அவர்களோடு சேர்ந்து, சாலையில் சும்மா நடந்துபோனவர்களும் வருகிறார்கள்.

---

படித்து_முடித்தவன்:

செவிலி அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பிரிட்டனில் ஒரு நகரத்தில் இரவு வெளியே வந்த 18 முதல் 35 வயது வரை உள்ளவர்களிடம் கேட்டு 2008-இல் ஓர் ஆய்வு வெளியானது. முன்கூட்டியே குடித்துவிட்டு வந்தவர்கள், முந்தைய ஓராண்டில் சண்டையில் சிக்கியிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகம். எனக்கு முன்பல் ஒன்று போலி, அது இப்படி ஒரு வரிசையில் நின்றபோது போனதுதான். யார் யாரை முதலில் தள்ளினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்புறம், ஹாஸ்டலில் தெரிந்துவிடும் என்ற பயம் பற்றி. உதவிக்கு அழைத்தால் ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று பல பல்கலைக்கழகங்களில் விதியே இருக்கிறது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-லேயே கொண்டுவந்தது. உன் பல்கலைக்கழகத்தில் அப்படி உண்டா என்று இந்த வாரமே கேட்டு வை. இல்லாவிட்டாலும் கூப்பிடு. கோபித்துக்கொள்ள ஆள் உயிரோடு இருக்க வேண்டும்.

பேசுவதைப் பற்றிக் கேட்டாயே: பகலில், அவன் முழுத் தெளிவில் இருக்கும்போது, தனியாக இருக்கும்போது பேசு. புள்ளிவிவரம் எதுவும் வேண்டாம். நீ கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்.

---

இரண்டாமாண்டு_மாணவன்:

எல்லாருக்கும் நன்றி. செவிலி அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தபோது கை நடுங்கியது. எவ்வளவு விளிம்பில் இருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

நேற்று மதியம் அவனிடம் பேசினேன். அவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். குடியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. உன் அம்மா சனிக்கிழமை போன் செய்தார், நீ பேசினாய், சாப்பிட்டேம்மா என்று சொன்னாய், அப்புறம் நான் விடியும்வரை நீ மூச்சு விடுகிறாயா என்று எண்ணிக்கொண்டிருந்தேன் என்று மட்டும் சொன்னேன். அவன் போனை எடுத்து அழைப்புப் பட்டியலைப் பார்த்தான். 9.48, பதினோரு நிமிடம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் வேறு என்னவெல்லாம் பேசினேன்?" என்று கேட்டான். கேட்ட வரை சொன்னேன்.

இந்த வாரமும் கூடுவார்களாம். வர வேண்டாம் என்று அவனால் சொல்ல முடியவில்லை, எனக்கும் அது புரிகிறது. ஆனால் ஏழு மணிக்கே எல்லாரும் முதலில் சாப்பிட வேண்டும், சீட்டு விளையாட்டு கிடையாது என்று அவனே குழுவில் செய்தி போட்டிருக்கிறான். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், ஒருவன் தான் இந்த முறை குடிக்கவில்லை, கடைசிவரை எல்லாரோடும் இருக்கிறேன் என்று பதில் போட்டான். ஒருக்களித்துப் படுக்க வைப்பது எப்படி என்று அவனுக்கு இன்று மாலை செய்து காட்டப் போகிறேன். ஒரு சந்தேகம் அக்கா: ஆள் என்னைவிடக் கனமாக இருந்தால் தனியாகத் திருப்புவது எப்படி?

---

இரவுப்பணி_செவிலி:

அவனுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார். உனக்குத் தூரமாக உள்ள முழங்காலை முதலில் மடக்கி, பாதத்தைப் படுக்கையில் ஊன்றி வை. ஒரு கையால் அந்த முழங்காலையும் இன்னொரு கையால் அதே பக்கத்துத் தோளையும் பிடித்து உன் பக்கம் இழு. மடக்கிய கால் நெம்புகோல் மாதிரி வேலை செய்யும், பலம் அவ்வளவு தேவைப்படாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் படுக்க வைத்து நான்கைந்து முறை செய்து பாருங்கள்.